பாத்திக்கு நூற்று மூன்று சாளை

நான் எண்ணுகிறவன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சர்க்கரை இருக்கிறவர் டாக்டரிடம் ஒப்புக்கொள்வதுபோலச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படி. கொல்லையில் தென்னை ஏழு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் நடக்கும்போது எத்தனை பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும் (போன வாரம் இருபத்தாறு, என்னையும் சேர்த்தால் இருபத்தேழு). பேருந்துப் பணிமனை ஒன்றில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவனுக்கு இது தொழில் விட்டுப்போன வியாதி. வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதி எழுதி, ஓய்வு பெற்ற பிறகு எழுத வண்டி இல்லாமல் தவித்துப்போனேன். அதனால் பணிமனையிலிருந்து கழித்துப்போட்ட நீளப் பதிவேடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, மழை, வெயில், தேங்காய், விருந்தாளி என்று கண்டதையெல்லாம் நேரம் போட்டு எழுதி வந்தேன்.

எண்ணுகிறவன் தப்புச் செய்யமாட்டான் என்பது அன்றைக்கு என் நம்பிக்கை. மூன்று வருடத்துக்கு முன்பு, அறுபத்தொன்பது வயதில், அந்த நம்பிக்கையை என் சொந்த வயலிலேயே புதைத்தேன். அதுவும் இரண்டரை அங்குல ஆழத்தில்.

என் மருமகள் ஷைனி மண்ணியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மகன் ராபின் மஸ்கட்டில். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக இருந்தது நூற்று நாற்பத்திரண்டு நாள் (எண்ணாமல் இருப்பேனா?). ராபினுக்குக் குடும்ப விசா கிடைத்து, அங்கே வீடும் பார்த்துவிட்டான். ஷைனி ஆய்வேட்டைக் கொடுத்த மறுவாரம் விமானம் ஏறவேண்டியது. ஆய்வேட்டுக்கு ஒரு கோடைச் சாகுபடியின் அளவுகள் மட்டும் பாக்கி. அதற்கு முந்தின கோடையில் வேறோர் இடத்தில் அவள் போட்ட பாத்திகளைக் காலம் தப்பி வந்த மழை கொண்டுபோயிருந்தது. எனவே இந்த முறை நம் வீட்டு வயல், நம் கண்பார்வை, நம் காவல் என்று நான்தான் மார்தட்டிக் கூப்பிட்டேன்.

கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்த வயலில் சிறுபயறு விதைத்தாள். மொத்தம் பதினாறு பாத்தி. நான்கில் தழைச்சத்து மட்டும், நான்கில் மணிச்சத்து மட்டும், நான்கில் சாம்பல்சத்தும் சேர்ந்து மூன்றும். மீதி நான்கில் ஒன்றுமில்லை.

"எதுக்கு மக்களே இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"மண்ணு மூச்சு விடுதத அளக்கப் போறேன் மாமா."

கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியது. "மண்ணு மூச்சு விடுமா?"

"பின்ன? உள்ள வேரு கிடக்கு, கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கிடக்கு. அதெல்லாம் நம்மளப் போலத்தான் மூச்சு விடும். அந்தக் காத்து மண்ணு வழியா மேல வரும். உரம் போட்டா அந்த மூச்சு கூடுதா, குறையுதான்னு பாக்கதுதான் எனக்க வேலை. அதுலயும் பயறு இருக்குல்லா, அதுக்க வேருல முடிச்சு முடிச்சா இருக்கும். அதுக்குள்ள இருக்கப்பட்ட பாக்டீரியா காத்துல இருந்தே தழைச்சத்தப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். அங்க போயி நாம உரத்தப் போட்டா என்ன ஆவுதுன்னு பாக்கணும்."

"அந்த உயிருங்க எத்தன இருக்கும்?"

"எண்ண முடியாது மாமா."

இதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. என் பேரில் பட்டா உள்ள வயலில், நான் தீர்வை கட்டுகிற மண்ணில், எண்ணவே முடியாத ஒரு கூட்டம் இத்தனை வருடமாக என்னைக் கேட்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பாத்திக்கு ஒரு சிவப்பு பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பாள். உள்ளே ஒரு சின்னக் குப்பியில் காரக் கரைசல். மண் விடுகிற மூச்சை அந்தக் காரம் குடித்துக்கொள்ளும். சரியாக இருபத்துநான்கு மணி நேரம் கழித்து (நேரம் சொல்வது நான்) குப்பியை எடுத்து ஒரு மருந்து சொட்டினால் கரைசல் ரோஜா நிறமாகும். பிறகு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். எத்தனை சொட்டில் அந்த நிறம் மறைகிறதோ அதுதான் கணக்கு. மண் நிறைய மூச்சு விட்டிருந்தால் காரம் முக்கால்வாசி தீர்ந்திருக்கும். கொஞ்ச அமிலத்திலேயே நிறம் போய்விடும். எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த முதல் அளவெடுப்பில் அவள் அமிலக் குழாயில் அளவைப் பார்த்துச் சொல்ல, நான் தனியாகச் சொட்டுகளையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதினேன். வாழ்க்கையில் மறுபடி வண்டிகள் ஓடத் தொடங்கியதுபோல இருந்தது.

விதைத்த பதினைந்தாம் நாள் ஷைனிக்கு எட்டு நாள் பயிற்சி வந்தது, கோயம்புத்தூரில். கிளம்பும்போது என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பாத்தியாகக் காட்டினாள்.

"மாமா, தண்ணி மட்டும் விட்டாப் போதும். ஆடு வராமப் பாக்கணும். இந்த நாலு பாத்திக்கு ஒரு உரமும் போடப்பிடாது. இதோட ஒப்பிட்டுத்தான் மத்ததெல்லாம் பாக்கணும். இது போச்சுன்னா மொத்தமும் போச்சு."

"எனக்கிட்டயா சொல்லுத மக்களே? முப்பத்தொரு வருஷத்துல ஒரு வண்டி ஒரு நிமிஷம் முந்தியோ பிந்தியோ போனதில்ல."

அவள் போனாள். நான் காவல் இருந்தேன். இரண்டு நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

எங்கள் வயல் மயிலாடி போகிற ரோட்டோரம், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. ஊர் முழுக்க அந்த வழியாகத்தான் போகும். மற்ற பன்னிரண்டு பாத்தியும் பச்சைப் பசேலென்று நிற்க, உரமில்லாத நான்கும் கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் குட்டையாக, விருந்துக்கு வந்த இடத்தில் யாரும் கவனிக்காத உறவினர்போல நின்றன. அந்த நான்கில் இரண்டு சரியாக ரோட்டைப் பார்த்து.

மூன்றாம் நாள் பக்கத்து வயல் பொன்னையா வரப்பில் வந்து நின்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஊரில் என்ன நடந்தாலும் அதற்கு ஒரு வார்த்தை வைத்திருப்பவர்.

"ஓய் டைம்கீப்பரே, இது என்னவே? நாலு பிள்ளைகளுக்கு மட்டும் முகம் வாடிக் கெடக்கு?"

"அது ஆராய்ச்சி. அதுக்கு ஒண்ணும் போடப்பிடாது."

"பட்டினி போடுததுக்குப் பேரு ஆராய்ச்சியா? அப்ப எங்க வீட்டுலயும் ரெண்டு நாளா ஆராய்ச்சிதான் நடக்கு. அவளுக்க தம்பியப் பத்தி ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"உமக்குப் புரியாது வே."

"எனக்குப் புரியாண்டாம். பஸ்ஸுல இருந்து பாக்கவனுக்குப் புரியணும்லா? நேத்து ஒருத்தன் கேக்கான், டைம்கீப்பருக்குப் பென்ஷன் வரல்லியா, உரம் வாங்க வழியில்லாமக் கெடக்காரேன்னு. நான் என்னத்தச் சொல்லட்டு?"

அன்றைக்கு மாலை அந்த வழியே பதினோரு பஸ் போனது. பதினொன்றிலும் ஜன்னலோரம் இருந்தவர்கள் அந்த நான்கு பாத்தியை மட்டுமே பார்த்ததாக எனக்குப்பட்டது. (பார்த்தவர்கள் முப்பத்தெட்டு பேர். அதில் தூங்கிக்கொண்டே பார்த்தவர்களும் உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.) நாஞ்சில் நாட்டில் ஒருவனுடைய வயல் மெலிந்து கிடப்பது, அவன் கிழிந்த வேட்டியோடு நடப்பதற்குச் சமம். யாரும் நேரில் சொல்லமாட்டார்கள். எல்லோரும் பார்ப்பார்கள்.

நான்காம் நாள் காலை மேரி வந்தாள். கடியப்பட்டணத்திலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிறவள். அன்று மீன்பெட்டிக்கு மேல் ஒரு சாக்கு.

"சார், தென்னைக்குச் சாளைக் கருவாடு வேணுமா? மழயில நனஞ்சு போச்சு, மனுசருக்கு ஆவாது. தென்னைக்கு நல்ல வளம்."

விலை போகாத சாளையை (மற்ற ஊர்களில் மத்தி) காயவைத்துத் தென்னை மூட்டில் புதைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். என் கொல்லைத் தென்னை ஏழுக்கும் நானே போட்டிருக்கிறேன். எனவே சாக்கை வாங்கியதில் பாவமில்லை.

"எத்தன எண்ணம் இருக்கும் மேரி?"

"சாளைய யாராவது எண்ணுவாவளா? வேணுமானா நீங்க இருந்து எண்ணுங்க. எனக்கு அடுத்த தெருவுக்குப் போணும்."

எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு.

இங்கேதான் என் படிப்பும் வயதும் அனுபவமும் சேர்ந்து என்னைக் கைவிட்டன. நானூற்றுப் பன்னிரண்டை ஏழால் வகுத்தால் ஆறு மீதி நிற்கிறது. நான்கால் வகுத்தால் மீதியே இல்லை. பாத்திக்கு நூற்று மூன்று! இப்படி ஒரு கணக்கு தானாக வந்து உட்காரும்போது அதில் தெய்வச்செயல் இருப்பதாக நினைத்தேன்.

ஷைனி சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ஒரு உரமும் போடப்பிடாது' என்றாள். உரம் என்பது என்ன? கடையில் மூட்டையாக விற்பது. மேலே தழை, மணி, சாம்பல் என்று அச்சடித்திருப்பது. சாளை அப்படியா? சாளை சாப்பாடு. அதற்கு மூட்டையும் இல்லை, அச்சும் இல்லை. (இந்த வாதத்தை என் மனைவியிடம் பின்னால் சொன்னபோது, "நல்லவேள நீங்க வக்கீலுக்குப் படிக்கல்ல" என்றாள்.)

மனைவி தங்கம் சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய உரலில் சாளையை இடித்தேன். மாலை ஐந்து நாற்பதுக்கு வயலுக்குப் போய், நான்கு பாத்தியிலும் செடி வரிசைகளுக்கு நடுவே இரண்டரை அங்குலம் கீறி, நூற்று மூன்று மீன் வீதம் பொடியைப் போட்டு மூடி, தண்ணீர் விட்டேன். ரோட்டோரம் இருந்த இரண்டுக்கு மட்டும் போட்டிருக்கலாம். ஆனால் இரண்டுக்குப் போட்டு இரண்டை விடுவது அநியாயம் என்று தோன்றிற்று. இரண்டு பாத்தி மட்டும் கெட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும் காரியத்தை, நான் நீதியின் பேரில் முழுசாகக் கெடுத்தேன்.

ஷைனி திரும்பி வந்தபோது நான்கு பாத்தியும் பச்சை ஏறியிருந்தது. அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"இது எப்பிடி மாமா இப்பிடித் தெளிஞ்சிருக்கு?"

"தண்ணி நேரத்துக்கு விட்டேன் மக்களே."

"கருவாட்டு வாடை வருதே?"

"கடக் காத்து."

கடல் எங்கள் வயலிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அதையும் நான் அளந்திருக்கிறேன். ஆனாலும் சொன்னேன். வீட்டிலும் கருவாட்டு வாடைதான். உரலைத் தங்கம் புளி போட்டு ஆறு தடவை கழுவியிருந்தாள். தென்னைக்கு இடித்ததாக நினைத்து அவள் என்னைத் திட்டியதோடு விஷயம் முடிந்ததாக நான் நிம்மதியாக இருந்தேன்.

மறுவாரம் இரண்டாவது அளவெடுப்பு. அதைப் பார்க்க ஷைனியின் பேராசிரியரே வந்தார். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். குப்பிகளை எல்லாம் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாயிற்று. தழைச்சத்துப் பாத்தி, மணிச்சத்துப் பாத்தி, மூன்றும் போட்ட பாத்தி என்று பன்னிரண்டு குப்பியும் ஒழுங்காக ரோஜா நிறமாகி, ஒழுங்காக நிறம் இழந்தன. பதின்மூன்றாவது குப்பி, உரமில்லாதது. ஷைனி நிறமருந்தைச் சொட்டினாள்.

நிறம் வரவில்லை.

இன்னொரு சொட்டு விட்டாள். வரவில்லை. குப்பியைக் குலுக்கினாள். தண்ணீர்போலக் கிடந்தது.

"மருந்து கெட்டுப்போச்சா சார்?"

பேராசிரியர் அதே மருந்தை வேறு காரத்தில் விட்டுப் பார்த்தார். அது சிவக்கச் சிவக்க நின்றது. பதினான்காவது குப்பி. வரவில்லை. பதினைந்து, பதினாறு. ஒன்றிலும் நிறம் எட்டிப் பார்க்கவில்லை.

"காரம் மொத்தமும் தீர்ந்திருக்கு" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையில் வைத்திருந்தார். "உரமே போடாத மண்ணு, உரம் போட்ட மண்ணைவிட இத்தனை மடங்கு மூச்சு விடுது. நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

ஷைனி நான்கு குப்பியையும் மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மண் மூச்சு விடும் என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்த காலம் போய், இப்போது அது என்னைக் காட்டிக்கொடுக்கிற அளவுக்கு மூச்சு விட்டிருக்கிறது.

பேராசிரியர் யோசித்தார். "இங்கே பக்கத்துல கல் செதுக்குற பட்டறைகள் இருக்குல்ல? கல்பொடி காத்துல வந்து விழுமா?"

உண்மையைச் சொல்வதற்குக் கடவுள் எனக்குக் கொடுத்த சந்தர்ப்பம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"விழும் சார். நல்லா விழும். மேக்குக் காத்து அடிச்சா வெள்ளை வேட்டி உடுத்த முடியாது."

"ஆனா எல்லாப் பாத்தியிலயும் விழணுமே. இந்த நாலுல மட்டும் எப்படி?"

"அதுதான் சார் எனக்கும் ஆச்சரியம்" என்றேன். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.)

அவர் ஷைனியிடம் திரும்பினார். "தண்ணி விட்ட நேரம், மழை, வெயில், யார் வயலுக்குள்ள போனாங்க, இதெல்லாம் யாராவது குறிச்சு வச்சிருக்கீங்களா?"

ஷைனியின் முகம் மலர்ந்தது. "எங்க மாமா எழுதுவாங்க சார். மாமா எழுதாத ஒரு விஷயம் கெடையாது."

"அது வேண்டாம் மக்களே, அது வெறும் தேங்காக் கணக்கு" என்று நான் எழுந்தேன். அதற்குள் அவள் உள்ளே போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்துவிட்டாள்.

"கையெழுத்து புரியாது சார்" என்றேன்.

"அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றார் பேராசிரியர். பக்கம் பக்கமாகப் புரட்டினார். "அருமை. காலை ஆறு பத்துக்குத் தண்ணீர். ஆடு இரண்டு, விரட்டியாயிற்று. பஸ் பதினொன்று, பார்த்தவர்கள் முப்பத்தெட்டு. இது எதுக்குன்னு தெரியல்ல, ஆனா அருமை." இன்னொரு பக்கம் திருப்பினார். பிறகு சத்தமாகவே வாசித்தார்.

"சாளைக் கருவாடு இடித்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. உரமில்லாப் பாத்தி நான்கு. பாத்திக்கு நூற்று மூன்று. ஆழம் இரண்டரை அங்குலம். மாலை ஐந்து நாற்பது. மீதி இல்லை."

கீழே என் கையொப்பம்.

சமையலறை வாசலில் நின்ற தங்கம் மெதுவாகச் சொன்னாள்: "அப்ப அது தென்னைக்கு இல்லியா?"

நான் ஷைனியின் முகத்தைப் பார்த்தேன். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. மேசையில் இருந்த நான்கு குப்பியையும் ஒவ்வொன்றாக மூடினாள். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிப் போய், மதில் ஓரமாக நின்று ராபினைக் கூப்பிட்டாள். அவள் பேசியதில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "இல்ல, ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் மிச்சமில்ல. அடுத்த கோடையிலதான் மறுபடியும். ஆமா, இன்னும் ஒரு வருஷம். நீங்க அந்த வீட்ட விட்டுருங்க."

நானூற்றுப் பன்னிரண்டு மீனை எண்ணியவன் அந்த ஒரு வருடத்தை எண்ணாமல் விட்டிருந்தேன். மூன்று பேர் இருந்த அந்த அறையில் எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு பக்கெட்கூட இல்லை. பதினாறும் வயலில் கிடந்தன.

பேராசிரியர் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பயிறு தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே தேடிக்கும். நீங்க அதுக்கு மீன் சாப்பாடு போட்டீங்க. மண்ணுல இருக்கிற உயிரெல்லாம் அந்த மீனைத் தின்னுட்டு மூச்சு வாங்கியிருக்கு. நீங்க அளந்தது சாளையோட மூச்சு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

அன்று சாயங்காலமே ராபின் கூப்பிட்டான்.

"அப்பா, ஒரு வண்டி ஒரு நிமிஷம் பிந்தினதில்லன்னு சொல்லுவியள்லா? இப்ப எனக்க பொண்டாட்டிய ஒரு வருஷம் பிந்தவச்சிட்டிய."

"மக்கா, நான் நல்லதுன்னு நினச்சு..."

"யாருக்குப்பா நல்லது? செடிக்கா, பஸ்ஸுல போறவனுக்கா?"

நான் ஃபோனைத் தங்கத்திடம் கொடுத்தேன்.

ஷைனி என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. சோறு போடுவாள், மாத்திரை எடுத்து வைப்பாள், வார்த்தை மட்டும் கிடையாது. பன்னிரண்டாம் நாள் காலை, பதிவேட்டோடு என் நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இந்த இரண்டரை அங்குலம் நாலு பாத்தியிலயும் ஒரே ஆழமா?"

"நாலுலயும் அதேதான் மக்களே. அடிக்கோல் வச்சு அளந்தேன்."

"மீன எப்பிடிச் சமமாப் பிரிச்சிய? ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு இருக்குமே?"

"பெருசு, நடுத்தரம், சிறுசுன்னு மூணு குவியலாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் நாலா வகுத்தேன்."

அவள் பதிவேட்டை மூடினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க காலேஜுல ஒருத்தரும் இவ்வளவு சுத்தமா உரம் போட்டதில்ல மாமா. இத நான் விடப்போறதில்ல. அடுத்த வருஷம் அஞ்சாவது வகையாச் சாளையையும் சேக்கப்போறேன்."

அடுத்த கோடையில் இருபது பாத்தி. சாளை எண்ணித் தரும் பொறுப்பு எனக்கு. போடுகிற பொறுப்பு அவளுக்கு. உரமில்லாப் பாத்தி பக்கம் போகும்போது நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்று உத்தரவு. நடந்தேன். பொன்னையா வரப்பில் நின்று, "என்ன ஓய், போலீஸு விலங்கு போட்டுட்டா?" என்றார். ரோட்டில் போன பஸ்களை அந்த வருடம் நான் எண்ணவில்லை.

கடைசி அதிர்ச்சி அறுவடையில் வந்தது. எனக்குள் ஓர் ஆசை இருந்தது, சொல்லிவிடுகிறேன். என்னதான் தப்பாகப் போட்டாலும் சாளைப் பாத்திதான் ஜெயிக்கும். மூச்சில் அதுதானே முதலிடம். வளர்ச்சியிலும் செடி இடுப்பு உயரம். மற்ற பாத்தி போலவா நின்றது? காடுபோல நின்றது. நெற்று பறிக்கும் நாளில் ஷைனி என்னையே எண்ணச் சொன்னாள். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். மூன்றாம் முறை எண்ணும்போது எனக்கு வியர்த்தது. சாளைப் பாத்தியில் இலைதான் இருந்தது; காய் இல்லை. இருபது பாத்தியிலும் குறைவாகக் காய்த்தது அதுதான். நிறையக் காய்த்தது மணிச்சத்து மட்டும் போட்ட பாத்தி, அது அடக்கமாக மூச்சு விட்டுக்கொண்டு ஓரமாக இருந்தது.

ஷைனி இரண்டு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிக் காட்டினாள். மணிச்சத்துப் பாத்தியின் வேரில் முடிச்சுகள் கோத்த மணிபோல. கிள்ளிப் பார்த்தால் உள்ளே சிவப்பு. சாளைப் பாத்தியின் வேர் மொழுமொழுவென்று இருந்தது. ஆங்காங்கே ஒன்று, அதுவும் வெளிறி.

"பாத்தியளா மாமா? வாய்க்கு நேரா சோறு வந்தா எவன் வேலைக்குப் போவான்? தழைச்சத்து கையில கெடச்ச உடனே செடி முடிச்சு போடுதத விட்டுட்டு. எல போட்டுச்சு, காய்க்கல்ல."

அந்த ஏழைப் பாத்திகள் மீது நான் பட்ட பரிதாபத்தின் மொத்த விளைச்சல் அது. உரமே போடாத பாத்திகூட அதைவிட ஐம்பது அறுபது நெற்று அதிகமாகக் கொடுத்திருந்தது.

பேராசிரியர் ஓய்வு பெறுவதற்கு முன்பே ஷைனி ஆய்வேட்டைக் கொடுத்து, பட்டம் வாங்கி, மஸ்கட் போய்ச் சேர்ந்தாள். அந்த ஆராய்ச்சியில் இருந்து எங்கள் குடும்பம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு முடிவைத்தான்: அதிகமாக மூச்சு விடுகிறது என்பதற்காக எதையும் நம்பிவிடக்கூடாது. யாராவது மாடிப்படி ஏறி இளைத்தால், "சாளை போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். ராபின் வீடியோவில் வந்து, அங்கே உடற்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிப் பெருமூச்சு விட்டால், பின்னாலிருந்து ஷைனி, "எலதான் மாமா, காய் ஒண்ணுமில்ல" என்கிறாள்.

போன மாதம் சளிக்காக டாக்டரிடம் போயிருந்தேன். இளம் வயது டாக்டர், ஊருக்குப் புதியவர். முதுகில் கருவியை வைத்து, நன்றாக இழுத்து மூச்சு விடச் சொன்னார். விட்டேன். ஏழு தடவை. அவர் முகம் பிரகாசமாயிற்று.

"இந்த வயசுல இப்படி மூச்சு விடுறவங்களை நான் பார்த்ததே இல்ல. ரொம்ப நல்லா இருக்கீங்க சார்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பின்னால் நின்ற தங்கம் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"மூச்ச வச்சு முடிவு பண்ணாதீங்க டாக்டர்" என்றாள். "எங்க வீட்டுல அத ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாச்சு."